எலிக்கு ஏன் எச்ஐவி தொற்றுவதில்லை? வைரஸுக்குத் துணைபோகும் புரதங்களும் தடுத்து நிறுத்தும் புரதங்களும்

முதுகலை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். வைரஸுக்கும் அது புகும் செல்லுக்கும் உள்ள உறவு பற்றி ஒரு கருத்தரங்கு உரை தயாரித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

முதலாவது, எச்ஐவி எலியைத் தொற்றாததற்குக் காரணம் ஏற்பி பொருந்தாததுதான் என்று வகுப்பில் படித்தோம். வைரஸ் செல்லுக்குள் நுழைய மனித சிடி4 புரதமும் சிசிஆர்5 புரதமும் வேண்டும், எலியின் புரதங்கள் அதற்கு ஒத்துவராது. சரி. ஆனால் அந்த இரண்டு மனிதப் புரதங்களையும் எலிச் செல்லில் வைத்த பிறகும் வைரஸ் பெருகவில்லை என்று இப்போது வாசிக்கிறேன். உள்ளே போன பிறகு என்னதான் ஆகிறது?

இரண்டாவது, வைரஸுக்கு இத்தனை செல் புரதங்கள் தேவை என்றால், வைரஸைத் துரத்துவதை விட்டுவிட்டு அந்தச் செல் புரதத்தை மருந்தால் அடைத்துவிடலாமே? ஏன் அப்படிப்பட்ட மருந்துகள் இவ்வளவு குறைவாக இருக்கின்றன?

பாடநூலில் இல்லாத விளக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

---

செல்மேசை எழுதியது:

நல்ல இடத்தில்தான் சிக்கியிருக்கிறீர்கள். இந்த எலிக் கதையை ஒழுங்காகப் பின்தொடர்ந்தால் பாதித் துறை புரிந்துவிடும்.

எச்ஐவி மரபணுத் தொகுதியின் நீளம் பத்தாயிரம் எழுத்துகளுக்கும் கீழே. அதில் ஒன்பதே மரபணுக்கள். இந்தச் சொற்பச் சொத்தை வைத்துக்கொண்டு அது தனியாக எதையும் செய்ய முடியாது. நுழைவதில் தொடங்கி வெளியேறுவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஒரு செல் புரதத்தைப் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

நுழைவைத் தாண்டியாயிற்று என்று வையுங்கள். எலிச் செல்லுக்குள் வைரஸின் ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாறுகிறது, செல்லின் குரோமோசோமிலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இனி அதை ஆர்என்ஏவாகப் படியெடுக்க வேண்டியது செல்லின் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி. அது வேலையைத் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். நின்றதைத் தள்ளிவிடத்தான் வைரஸ் டாட் என்ற புரதத்தை வைத்திருக்கிறது. டாட் தனியாகத் தள்ளுவதில்லை. செல்லின் சைக்ளின் டி1 (Cyclin T1) என்ற புரதத்தைப் பிடிக்கிறது, அதோடு ஒட்டியிருக்கும் சிடிகே9 நொதியும் கூடவே வருகிறது. அந்த நொதி பாலிமரேஸில் பாஸ்பேட்டைச் சேர்த்ததும் படியெடுப்பு முழு நீளத்துக்கும் ஓடுகிறது.

எலிக்கும் சைக்ளின் டி1 உண்டு. ஏறக்குறைய மனிதனுடையதேதான். ஆனால் 261ஆவது இடத்தில் மனிதனுக்கு சிஸ்டீன், எலிக்கு டைரோசின். அந்த சிஸ்டீன் இருந்தால்தான் டாட் அங்கே உறுதியாக உட்கார முடியும். ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதில் வைரஸின் படியெடுப்பு படுத்துவிடுகிறது. 1998இல் இது தெரியவந்தது.

சரி, மனித சைக்ளின் டி1ஐயும் கொடுத்துவிட்டால்? படியெடுப்பு சரியாகிறது. ஆனாலும் புதிய வைரஸ் துகள்கள் மிகக் குறைவாகவே வெளிவருகின்றன. வெட்டி ஒட்டப்படாத முழு ஆர்என்ஏவை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவரும் பாதையில் அடுத்த அடைப்பு. அங்கே வைரஸின் ரெவ் புரதம் செல்லின் சிஆர்எம்1 என்ற ஏற்றுமதிப் புரதத்தை நம்பியிருக்கிறது. மனித சிஆர்எம்1ஐக் கொடுத்தால் எலிச் செல்லில் உற்பத்தி கூடுகிறது.

ஆக, ஏற்பி என்பது முதல் தடை மட்டும். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று வரிசையாக நிற்கின்றன.

---

மூலக்கேள்வி எழுதியது:

செல்மேசை அண்ணா, ஒரு சந்தேகம். எலிச் செல்லில் வைரஸ் வளரவில்லை என்பது மட்டும்தானே கண்ணுக்குத் தெரிவது? வேண்டிய புரதம் அங்கே இல்லாததால் வளரவில்லையா, அல்லது எலியிடம் வைரஸை அடக்கும் புரதம் ஏதாவது இருப்பதால் வளரவில்லையா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே முடிவைத்தானே காட்டும்? எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

---

செல்மேசை எழுதியது:

இந்தக் கேள்விதான் இந்தத் துறையின் உயிர்நாடி. இதற்கு அழகான ஒரு பழைய முறை உண்டு: இரண்டு செல்களையும் ஒன்றாக இணைத்துவிடுவது.

வைரஸ் வளரும் செல் ஒன்று, வளராத செல் ஒன்று. இரண்டின் சவ்வையும் இணைத்து, இரண்டு உட்கருவும் ஒரே செல்லுக்குள் இருக்கும்படி செய்கிறார்கள். இணைந்த செல்லில் வைரஸ் வளர்ந்தால், வளராத செல்லில் ஏதோ குறைந்திருந்தது, மற்றது அதை நிரப்பிவிட்டது என்று பொருள். இணைந்த செல்லிலும் வளராவிட்டால், வளராத செல்லில் தடுக்கும் ஆள் ஒருவன் இருக்கிறான், இங்கேயும் அவன் கைதான் ஓங்கியிருக்கிறது என்று பொருள்.

எலிச் செல்லை மனிதச் செல்லோடு இணைத்தபோது வைரஸ் துகள் உற்பத்தி மீண்டது. ஆக அது குறைபாடு. துணைப் புரதம் இல்லாத நிலை.

இதற்கு நேர்மாறான கதைதான் விஃப். எச்ஐவியின் விஃப் மரபணுவை நீக்கிவிட்டால் சில மனிதச் செல்களில் வைரஸ் நன்றாகவே வளரும், சிலவற்றில் அறவே வளராது. அதிலும் விசேஷம், சிஇஎம் என்ற டி செல் வகையில் வளராது, அதிலிருந்தே பிரிந்து வந்த சிஇஎம்-எஸ்எஸ் வகையில் வளரும். கிட்டத்தட்ட இரட்டையர்கள். 1998இல் இந்த மாதிரிச் செல்களை இணைத்துப் பார்த்தபோது, இணைந்த செல் வளராத பக்கமே சாய்ந்தது. தடுப்பவன் இருக்கிறான் என்பது உறுதி. இரண்டு வகைச் செல்களிலும் வெளிப்படும் மரபணுக்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்து, 2002இல் ஆன் ஷீஹியும் மைக்கேல் மாலிமும் குழுவினரும் அவனைப் பிடித்தார்கள். ஏபோபெக்3ஜி.

அது செய்யும் வேலையைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். தொற்றிய செல்லில் புதிய வைரஸ் துகள் உருவாகும்போது ஏபோபெக்3ஜி சத்தமில்லாமல் அதற்குள் ஏறிக்கொள்கிறது. அந்தச் செல்லில் எதுவும் நடக்காது. துகள் அடுத்த செல்லுக்குப் போய், ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ இழையை எழுதத் தொடங்கும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. புதிய இழையிலுள்ள சைட்டோசின்களை யுராசிலாக மாற்றிக்கொண்டே போகிறது. எதிர் இழை எழுதப்படும்போது குவானின் வரவேண்டிய இடங்களில் அடினின் வந்து உட்காரும். மரபணு முழுக்கப் பிழை. அதிலிருந்து வரும் வைரஸ் பிழைக்காது.

வைரஸின் பதில் விஃப். அது ஏபோபெக்3ஜியைப் பிடித்து, செல்லின் கல்லின்5 என்ற அமைப்பிடம் ஒப்படைக்கிறது. அங்கே யுபிக்விட்டின் குறி ஒட்டப்பட்டு, புரதம் சிதைக்கப்படுகிறது. இதில் என்னை இன்னமும் வியக்கவைப்பது என்னவென்றால், விஃப் நிலையாக நிற்பதற்கே சிபிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு செல் புரதம் தேவைப்படுகிறது. செல்லின் ஒரு புரதத்தை அழிக்க, செல்லின் வேறு சில புரதங்களையே துணைக்கு அழைத்துக்கொள்கிறது. உதவி, தடை என்று இரண்டு பட்டியல் போடுகிறோமே, அவை நிஜத்தில் இப்படிப் பின்னித்தான் கிடக்கின்றன.

---

பரிணாமப் பாதை எழுதியது:

செல்மேசை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். எந்தப் புரதம் வைரஸோடு நீண்ட காலம் மல்லுக்கட்டியிருக்கிறது என்பதை ஆய்வகத்துக்குப் போகாமலேயே ஓரளவு கண்டுபிடிக்க முடியும். பல குரங்கினங்களில் ஒரே மரபணுவை எடுத்து ஒப்பிட வேண்டும். சாதாரணமாக, அமினோ அமிலத்தை மாற்றாத மௌன மாற்றங்கள்தான் அதிகம் சேர்ந்திருக்கும். அமினோ அமிலத்தை மாற்றும் மாற்றங்கள் அவற்றைவிட அதிகமாக இருந்தால், அந்தப் புரதத்தை ஏதோ ஒன்று விடாமல் மாறவைத்திருக்கிறது என்று அர்த்தம். ஏபோபெக்3ஜியிலும், டிரிம்5 ஆல்ஃபா என்ற இன்னொரு தடைப் புரதத்திலும் சாரா சாயர், ஹர்மித் மாலிக் முதலானோர் 2004, 2005இல் காட்டியது இதைத்தான். எச்ஐவி மனிதனுக்கு வந்து நூறாண்டு சொச்சம்தான் ஆகிறது. இந்த மாற்றங்களோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்துவருகின்றன. அதாவது வேறு ஏதேதோ பழைய வைரஸ்களோடு போராடிச் செதுக்கப்பட்ட புரதங்கள்தான் இன்று நம் உடம்பில் இருக்கின்றன.

டிரிம்5 ஆல்ஃபாவைக் கருத்தரங்கில் கட்டாயம் சேருங்கள். 2004இல் ஜோசப் சோட்ராஸ்கியின் ஆய்வகம் ரீசஸ் குரங்கிலிருந்து கண்டுபிடித்தது. எச்ஐவியின் ஆர்என்ஏவைச் சுற்றி கேப்சிட் என்ற கூம்பு வடிவக் கூடு இருக்கிறது. ஒரே புரதத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அறுகோணம் அறுகோணமாகக் கோத்து நிற்கும் கூடு அது. டிரிம்5 ஆல்ஃபா அதன் மேலேயே இன்னொரு அறுகோண வலையாகப் படர்ந்து, உரிய நேரத்துக்கு முன்பே கூட்டைக் குலைத்துவிடுகிறது. ரீசஸ் குரங்கினுடையது எச்ஐவியைத் தடுக்கும். நம்முடையது மிகவும் பலவீனம். ஆனால் மனிதப் புரதத்தின் 332ஆவது இடத்தில் அர்ஜினினுக்குப் பதில் புரோலினை வைத்தால், அதுவும் எச்ஐவியைத் தடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு எழுத்து. எச்ஐவி பரவலில் இத்தனை கோடிப் பேர் பாதிக்கப்பட்டதை நினைக்கும்போது இந்த ஒரு எழுத்து மனதை என்னவோ செய்கிறது.

அடுத்து டெதரின். புதிய வைரஸ் துகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து விடுபடும் நேரத்தில், ஒரு முனை செல் சவ்விலும் மறுமுனை வைரஸ் சவ்விலுமாக இருந்து அதைப் போகவிடாமல் பிடித்துவைக்கும் புரதம். 2008இல் தெரியவந்தது. சிம்பன்ஸியிலிருக்கும், எச்ஐவியின் உறவு வைரஸான எஸ்ஐவி, தன் நெஃப் புரதத்தால் சிம்பன்ஸியின் டெதரினைச் சமாளிக்கிறது. நெஃப் பிடிக்கும் அந்த ஐந்து அமினோ அமிலத் துண்டு மனித டெதரினில் இல்லை. அதனால் மனிதனுக்குள் வந்த வைரஸுக்குப் பழைய வழி பயன்படவில்லை. உலகெங்கும் பரவிய எம் பிரிவு எச்ஐவியில் விபியு என்ற வேறொரு புரதம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. எச்ஐவியின் இன்னொரு வகையான எச்ஐவி-2 அதே வேலைக்குத் தன் மேலுறைப் புரதத்தைப் பயன்படுத்துகிறது. எம் பிரிவின் பரவலுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விலங்கிலிருந்து மனிதனுக்குத் தாவும் வைரஸ் எதையெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

---

முதுகலை வாசகி எழுதியது:

செல் இணைப்புச் சோதனை ஒன்றுக்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை. மிக்க நன்றி. துணைப் புரதம் இல்லாத நிலை, தடைப் புரதம் இருக்கும் நிலை என்று பிரித்தே உரையை அமைக்கப்போகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு யாராவது வாருங்களேன். செல் புரதத்தை அடைக்கும் மருந்துகள் ஏன் குறைவு?

---

மருந்தியல் மேசை எழுதியது:

இருக்கின்றன, ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். சிசிஆர்5ஐ அடைக்கும் மராவிராக் 2007இல் வந்தது. கல்லீரல் அழற்சி பி வைரஸ் நுழையும் வாசல் என்டிசிபி என்ற பித்த உப்புக் கடத்திதான் என்று 2012இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். அதை அடைக்கும் புலெவிர்டைடுக்கு 2020இல் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது, அதே வாசலில் நுழையும் வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி டி நோய்க்கு. கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் இடையே எட்டே ஆண்டு.

ஏன் குறைவு என்றால், செல் புரதம் வைரஸுக்காகப் படைக்கப்பட்டதல்ல. அதற்குச் சொந்த வேலை இருக்கிறது. எபோலா வைரஸுக்கு என்பிசி1 என்ற புரதம் இல்லாமல் முடியாது, 2011இல் உறுதியானது. அந்தப் புரதம் செல்லுக்குள் கொலஸ்ட்ராலை நகர்த்துவது. பிறவியிலேயே அது பழுதானால் நீமன்-பிக் சி என்ற கடும் நரம்பு நோய் வரும். எபோலாவைத் தடுக்கிறேன் என்று அதை மொத்தமாக அடைத்துவிட முடியுமா?

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. மருந்து எந்தச் செல்லில் சோதிக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். கொரோனா காலத்தில் ஹைட்ராக்சி குளோரோகுயினுக்கு நடந்தது இதற்கு வேதனையான பாடம். வீரோ என்ற செல்களில் அது சார்ஸ்-கோவ்-2ஐ நன்றாகத் தடுத்தது. வீரோ என்பது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகச் செல். அதில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி இல்லாததால், வைரஸ் எண்டோசோம் என்ற செல்லின் உட்பை வழியாகச் சுற்றிக்கொண்டு நுழைகிறது. அங்கே அமிலத்தன்மையில் இயங்கும் கதெப்சின் நொதிதான் ஸ்பைக் புரதத்தை வெட்டித் தரும். இந்த மருந்தும் அதன் நெருங்கிய உறவான குளோரோகுயினும் அந்த அமிலத்தன்மையைக் குறைப்பதால் வைரஸ் மாட்டிக்கொள்கிறது.

நுரையீரல் செல்லில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 உண்டு. வைரஸ் மேற்பரப்பிலேயே வெட்டு வாங்கி நேராக நுழைந்துவிடுகிறது, அமிலம் தேவையில்லை. கலு-3 என்ற மனித நுரையீரல் செல் வகையில் குளோரோகுயின் ஒன்றும் செய்யவில்லை என்று 2020 ஜூலையில் கட்டுரை வந்தது. கொரோனா நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த ரிக்கவரி என்ற பெரிய மருந்துச் சோதனையில் ஹைட்ராக்சி குளோரோகுயின் கொடுக்கப்பட்ட 1,561 நோயாளிகளில் 27.0 சதவீதம் பேர் 28 நாளுக்குள் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25.0 சதவீதம். பயன் எதுவும் இல்லை.

வீரோவில் இன்னொரு குறையும் உண்டு. வைரஸ் வந்ததும் செல் அனுப்பும் எச்சரிக்கைப் புரதமான வகை 1 இன்டர்ஃபெரானின் மரபணுக்கள் அதில் நீங்கிப்போயிருக்கின்றன. இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் தடைப் புரதங்கள் அங்கே சரியாக எழும்புவதே இல்லை. வைரஸ் வளர்க்க அருமையான செல். வைரஸுக்கும் மனித உடலுக்கும் நடக்கும் போராட்டத்தைப் பார்க்கத் தகுந்த செல் அல்ல.

---

திறந்த ஜன்னல் எழுதியது:

மருந்தியல் மேசை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த வழியை அவ்வளவு சீக்கிரம் மூடிவிடக் கூடாது. வைரஸ் புரதத்தைத் தாக்கினால் அது மாறி மாறித் தப்பிக்கும். செல் புரதம் நம்முடையது, வைரஸால் அதை மாற்ற முடியாது. அதோடு ஒரே புரதத்தைப் பல வைரஸ்கள் நம்பியிருந்தால், ஒரே மருந்து பலவற்றுக்கு உதவும். இனி வரப்போகிற, பெயரே இல்லாத வைரஸுக்கு இன்றே மருந்து தயாராக இருக்க வேறு எந்த வழி இருக்கிறது?

இயற்கையே காட்டியிருக்கிறது பாருங்கள். சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப்போன பிரதி இரண்டும் இருப்பவர்கள், வடக்கு ஐரோப்பிய வம்சாவளியில் சுமார் நூற்றுக்கு ஒருவர், பெரும்பாலான எச்ஐவி வகைகளிலிருந்து தப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் எலும்பு மஜ்ஜைச் செல்களைப் பெற்றுத்தான் டிமதி ரே பிரவுன் குணமானார். 2007இல் நடந்த மாற்று சிகிச்சை. 2020இல் அவர் இறந்தது ரத்தப் புற்றுநோயால், எச்ஐவியால் அல்ல. வாந்தி பேதி தரும் நோரோவைரஸிலும் இப்படித்தான். எஃப்யுடி2 மரபணு செயல்படாதவர்களைப் பல நோரோவைரஸ் வகைகள் தொடுவதில்லை. அவர்கள் நன்றாகத்தானே வாழ்கிறார்கள்?

---

மருந்தியல் மேசை எழுதியது:

திறந்த ஜன்னல், வைரஸால் நம் புரதத்தை மாற்ற முடியாது என்பது சரி. ஆனால் அந்தப் புரதத்தைப் பயன்படுத்தும் விதத்தை அது மாற்றிக்கொள்ளும். மராவிராக்கிலேயே இரண்டு தப்பு வழிகள் தெரிந்திருக்கின்றன. சில வைரஸ்கள் மருந்து ஒட்டியிருக்கும் சிசிஆர்5ஐயே பிடித்து நுழையக் கற்றுக்கொள்கின்றன. வேறு சிலரிடம், சிசிஆர்5க்குப் பதிலாக சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு ஏற்பியைப் பயன்படுத்தும், முன்பே சிறுபான்மையாக இருந்த வைரஸ்கள் மேலெழும்புகின்றன. பிரவுன் பெற்ற அதே மாதிரி மஜ்ஜை மாற்று பெற்ற இன்னொரு நோயாளியிடம் சிஎக்ஸ்சிஆர்4 வழியாக வைரஸ் திரும்பிவந்ததும் 2014இல் பதிவாகியிருக்கிறது.

நன்றாக வாழ்கிறார்கள் என்பதும் முழுச் சித்திரமல்ல. சிசிஆர்5 இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் நோய் அறிகுறி வரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு வைரஸுக்கு எதிராக மூடிய கதவு இன்னொரு வைரஸிடம் நம்மைப் பலவீனமாக்கலாம். இந்த வழியை மூடச் சொல்லவில்லை. விலையைத் தெரிந்துகொண்டு போவோம் என்கிறேன்.

---

கால்நடைக் களம் எழுதியது:

விலங்கு மருத்துவப் பக்கத்திலிருந்து ஒரு உதாரணம் தருகிறேன். இங்கே கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளும் அதில் சந்திக்கின்றன.

பறவைக் காய்ச்சல் வைரஸின் பாலிமரேஸ் மனிதச் செல்லில் சரியாக ஓடாது என்பது பழைய செய்தி. அந்தப் பாலிமரேஸின் ஒரு பகுதியான பிபி2 புரதத்தின் 627ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் லைசினாக மாறினால் ஓடத் தொடங்கும். ஏன் என்பது வெகுகாலம் புதிர். 2016இல் வெண்டி பார்க்லேயின் குழு விடை சொன்னது. பாலிமரேஸுக்கு ஏஎன்பி32ஏ என்ற செல் புரதம் துணை வேண்டும். கோழியின் ஏஎன்பி32ஏவில் 33 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கின்றன, மனிதனுடையதில் அந்தத் துண்டு இல்லை. பறவை வைரஸ் நீளமான வடிவத்துக்குப் பழகியது, நம்முடையதில் அதற்குப் பிடிமானம் போதவில்லை. 627இல் நடக்கும் மாற்றம் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது.

2023இல் இந்த ஏஎன்பி32ஏ மரபணுவைத் திருத்திய கோழிகளைப் பற்றி ஆய்வு வந்தது. இயல்பான அளவு வைரஸுக்கு ஆட்படுத்தியபோது பத்தில் ஒன்பது கோழிகளுக்குத் தொற்றவில்லை. செயற்கையாக மிக அதிக அளவு கொடுத்தபோது பாதிக் கோழிகளுக்குத் தொற்றியது. அப்படித் தொற்றிய வைரஸ்களில் புதிய மாற்றங்கள் வந்திருந்தன. அவை திருத்தப்பட்ட ஏஎன்பி32ஏவையும், பொதுவாகச் சீண்டாத ஏஎன்பி32பி, ஏஎன்பி32இ இரண்டையும் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. மூன்று மரபணுக்களையும் நீக்கிய கோழிச் செல்களில் மட்டும் வைரஸ் பெருகவில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே மரபணுவைத் திருத்திய பறவைகளைப் பெருமளவில் வளர்க்க நான் சம்மதிக்க மாட்டேன். வைரஸை நாமே மனிதப் புரதத்துக்குப் பழக்கிவிடும் அபாயம் அதில் இருக்கிறது. ஆய்வு செய்தவர்களும் ஒரு திருத்தம் போதாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

---

மூலக்கேள்வி எழுதியது:

கால்நடைக் களம் சொன்னதைப் படித்ததும் இன்னொரு சந்தேகம். வைரஸ் இவ்வளவு வேகமாக எப்படி மாறுகிறது? இன்ஃப்ளூயன்சா ஆர்என்ஏ வைரஸ், பிழை அதிகம், புரிகிறது. டிஎன்ஏ வைரஸ்கள் இந்த அளவு பிழை செய்யாதே. அவை தடைப் புரதத்தின் முன்னால் தோற்றுப்போக வேண்டாமா?

---

பரிணாமப் பாதை எழுதியது:

பெரியம்மை வைரஸின் குடும்பமான பாக்ஸ் வைரஸ்களில் இதற்கு அருமையான விடை கிடைத்திருக்கிறது. இவை டிஎன்ஏ வைரஸ்கள். செல்லில் பிகேஆர் என்ற காவல் புரதம் உண்டு. இரட்டை இழை ஆர்என்ஏவைக் கண்டால் விழித்துக்கொண்டு, புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2 ஆல்ஃபாவில் பாஸ்பேட்டை ஒட்டி, உற்பத்தியையே நிறுத்திவிடும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வாக்சீனியா வைரஸிடம் இதற்கு இரண்டு பதில்கள். இ3எல் அந்த ஆர்என்ஏவை மறைக்கிறது. கே3எல் இஐஎஃப்2 ஆல்ஃபாவின் சாயலில் இருந்து பிகேஆரை ஏமாற்றுகிறது. ஆனால் மனித பிகேஆரிடம் கே3எல்லின் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது.

2012இல் நெல்ஸ் எல்டி முதலானோர் இ3எல்லை நீக்கிவிட்டு, அந்த வைரஸை மனிதச் செல்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். சில தலைமுறைக்குள் வைரஸ் தேறிவிட்டது. எழுத்து மாறியிருக்கும் என்று பார்த்தால், கே3எல் மரபணுவே அடுத்தடுத்துப் பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. பலவீனமான புரதம்தான், ஆனால் அளவு கூடியதால் பிகேஆரைத் திணறடித்தது. மொத்த மரபணுத் தொகுதியே 7 முதல் 10 சதவீதம் வரை நீண்டுவிட்டது. அத்தனை பிரதிகள் இருப்பதால் அவற்றில் ஏதாவது ஒன்றில் நல்ல மாற்றம் விழும் வாய்ப்பும் கூடுகிறது. 47ஆவது இடத்தில் அப்படி ஒன்று விழுந்தது. அது கிடைத்த பிறகு கூடுதல் பிரதிகள் தேவையில்லை, தொகுதி மீண்டும் சுருங்கலாம். துருத்தி மாதிரி விரிந்து சுருங்குகிறது. மெதுவாகப் பிழை செய்யும் வைரஸ் கையாளும் வேகமான வழி இது.

---

திறந்த ஜன்னல் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. இந்த மல்லுக்கட்டு விலங்குகளோடு தொடங்கியதல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் ஃபேஜ்கள் ஒரு வகையில் வளர்ந்து இன்னொரு வகையில் வளராமல் போவதை 1950களின் தொடக்கத்திலேயே லூரியாவும் பெர்ட்டானியும் கவனித்தார்கள். வெளி டிஎன்ஏவை வெட்டும் நொதிகள்தான் காரணம் என்பதை வெர்னர் ஆர்பர் காட்டினார். 1978 நோபல் பரிசு அதற்குத்தான், நேதன்ஸ், ஸ்மித் இருவரோடும் சேர்த்து. நாம் ஆய்வகத்தில் தினமும் எடுக்கும் வெட்டு நொதிகள் பாக்டீரியா ஃபேஜுக்கு எதிராக வைத்திருந்தவை.

---

முதுகலை வாசகி எழுதியது:

கேட்டதைவிட நிறையக் கிடைத்துவிட்டது. கடைசியாக ஒன்று. இந்தப் புரதம் வைரஸுக்கு அவசியம் என்றோ, இது வைரஸைத் தடுக்கிறது என்றோ ஒரு புதுக் கட்டுரை வந்தால் எதை வைத்து நம்புவது? மருந்துக்கு எந்தப் பக்கம் சரி, செல்லா வைரஸா? செல்மேசை, உங்கள் கருத்து?

---

செல்மேசை எழுதியது:

நான் முதலில் பார்ப்பது புரதத்தின் அளவு. தடைப் புரதம் என்று சொல்லும் கட்டுரைகள் பலவற்றில் அந்தப் புரதத்தை இயல்பைவிடப் பல மடங்கு அதிகமாகச் செல்லுக்குள் திணித்திருப்பார்கள். எதை அளவுக்கு மீறித் திணித்தாலும் வைரஸ் கொஞ்சம் முடங்கும். இயல்பாகவே அந்தப் புரதம் இருக்கும் செல்லிலிருந்து அதை நீக்கியதும் வைரஸ் கூடுதலாக வளர்கிறதா என்று பாருங்கள். அப்புறம், வைரஸிடம் அதற்கு எதிரான ஆயுதம் இருக்கிறதா? விஃப், விபியு மாதிரி ஒரு புரதத்தை வைரஸ் சுமந்து திரிகிறது என்றால், எதிர்ப்பக்கம் உண்மையிலேயே வலுவானது. சாம்ஹெச்டி1 நல்ல சான்று. நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜிலும் டென்ட்ரிட்டிக் செல்லிலும் டிஎன்ஏ கட்டுமானப் பொருள்களைக் காலி செய்து எச்ஐவியைப் பட்டினி போடும் புரதம் அது. 2011இல் அதைக் கண்டுபிடித்ததே எச்ஐவி-2இன் விபிஎக்ஸ் என்ற புரதம் யாரைத் தாக்குகிறது என்று தேடிப்போனதால்தான்.

துணைப் புரதங்களில் இன்னும் கவனம் வேண்டும். 2008இல் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்து எச்ஐவிக்குத் தேவையான புரதங்களைத் தேடிய மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. அவற்றில் முதலாவது மட்டும் 270க்கும் மேற்பட்ட புரதங்களைப் பட்டியலிட்டது. மூன்று பட்டியல்களிலும் பொதுவாக இருந்தவை மிக மிகச் சில. செல் வகை வேறு, நேரம் வேறு, முறை வேறு. பட்டியலில் ஒரு பெயர் இருப்பதாலேயே அதை நம்பிவிட வேண்டாம்.

மருந்துக் கேள்விக்கு வருகிறேன். செல்லா வைரஸா என்று இரண்டாகப் பிரிக்காமல், இரண்டும் தொடும் இடத்தைப் பாருங்கள். எச்ஐவி கேப்சிட்டில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. உட்கருவை நோக்கிப் போகும் வழியில் செல்லின் சிபிஎஸ்எஃப்6, என்யுபி153 இரண்டும் வந்து உட்காரும் இடம் அது. லெனகாபவிர் என்ற மருந்து அதே பள்ளத்தில் உட்காருகிறது. செல் புரதத்தை அது தொடுவதே இல்லை, வைரஸ் செல்லைப் பிடிக்கும் இடத்தை அடைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இதைத் தடுப்பு மருந்தாகப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட எச்ஐவி தொற்றவில்லை என்று 2024இல் முடிவு வந்தது.

வைரஸ் இதிலிருந்தும் தப்பப் பார்க்கும். கேப்சிட்டின் 74ஆவது இடத்தில் அஸ்பராஜின் அஸ்பார்டிக் அமிலமாக மாறினால் மருந்தின் பிடி தளர்கிறது. ஆனால் அதே மாற்றத்தால் சிபிஎஸ்எஃப்6உம் அங்கே ஒட்டுவதில்லை. அப்படி மாறிய வைரஸ் மேக்ரோஃபேஜ்களில் சரியாகப் பெருகுவதில்லை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மருந்திலிருந்து தப்புவதற்காகத் தனக்குத் துணைநின்ற புரதத்தையே வைரஸ் இழக்க நேரிடுகிறது. கருத்தரங்கில் நேரம் குறைவாக இருந்தால், எலியின் 261ஆவது இடத்தையும் கேப்சிட்டின் இந்த 74ஆவது இடத்தையும் மட்டும் எடுத்து விளக்குங்கள். மற்றவை கேள்வி நேரத்தில் தானாக வரும்.